ஒளித்து வைத்த ஒரு நாள்

மலை ஏறப் போகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பது அவளுடைய வேலை. டயர் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் ஒரே ஒரு அறை. அதன் மூன்று சுவர்களிலும் காலண்டர்கள். நாலாவது சுவரில் ஜன்னல் இல்லாதிருந்தால் அங்கேயும் ஒன்று மாட்டியிருப்பாள். வழிகாட்டிகள் அவளுக்குக் காலண்டர் அக்கா என்று பெயர் வைத்ததில் தப்பே சொல்ல முடியாது.

மேற்கே ஈரக்காடுகளுக்கு மழை விட்டு மூன்று வாரம் கழித்துத்தான் ஆள் அனுப்புவாள். அதற்கு முன்னால் போனால் அட்டைகளுக்குத்தான் கொண்டாட்டம். கிழக்கே காய்ந்த குன்றுகளுக்குக் குளிர்காலம். வெயில் ஏறிவிட்டால் அங்கே ஒரு குடம் தண்ணீருக்கு அரை நாள் நடக்க வேண்டும். வடக்கே பனிக் கணவாய்க்கோ கோடையின் கடைசி இருபது நாள், அவ்வளவுதான். "எனக்கு லீவு அடுத்த மாசம்தாங்க கிடைக்கும்" என்று கெஞ்சுகிறவர்களிடம், "மலைக்கு உங்க மேனேஜரைத் தெரியாதுங்க" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டாள்.

வரைபடத்தை மட்டும் நம்பி அவள் திட்டம் போட்டதே இல்லை. கடைசி ஊருக்குப் போகிற பஸ் டிரைவருக்குப் போன் போட்டு, பாலத்துக்கடியில் தண்ணீர் எந்தக் கல் வரைக்கும் ஏறியிருக்கிறது என்று கேட்பாள். கணவாய்க்குக் கீழே ஆடு மேய்க்கிறவரின் மனைவியிடம், ஆடுகளை எப்போது இறக்கப் போகிறீர்கள் என்று கேட்பாள். இப்படி விசாரித்து விசாரித்துப் போட்ட திட்டங்களில் பதினாறு வருஷமாக யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஒருகாலத்தில் அவளும் தம்பியும் சேர்ந்தே வழிகாட்டிகளாக நடந்தவர்கள். முழங்கால் போனதும் அவள் நாற்காலிக்கு வந்தாள். தம்பி மலையிலேயே இருந்தான். அக்கா போட்ட திட்டம் என்றால் அவன் கண்ணை மூடிக்கொண்டு நடப்பான்.

அவளிடம் ஒரு தந்திரம் இருந்தது. ஒவ்வொரு நீண்ட நடையிலும் ஒரு நாளை ஒளித்து வைப்பாள். புயலோ பனியோ வந்தால் கைகொடுக்க ஒரு நாள் மிச்சம் வேண்டும். ஆரம்பத்தில் அதை 'உபரி நாள்' என்று வெளிப்படையாகத்தான் எழுதினாள். சும்மா கிடக்கிற நாள்தானே என்று ஒருத்தர் துணி துவைத்தார், ஒருத்தர் பிறந்தநாள் கொண்டாடினார், ஒருத்தர் தூங்கியே கழித்தார். சொன்னால் கேட்கிற ஜாதியா மனுஷ ஜாதி? அதனால் நாலு மணி நேர நடையை இரண்டு நாளாக எழுத ஆரம்பித்தாள். பார்க்கிறவர்கள் உடம்பு பழகுவதற்காக என்று நினைத்துக்கொள்வார்கள். தம்பி மட்டும் அதை ஒரே நாளில் நடத்திக் கூட்டிப்போய், மிச்ச நாளைக் கையில் வைத்துக்கொள்வான். இது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரியும்.

போன வருஷம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். மூன்று பருவத்தில் மூன்று மலை நடக்க வேண்டும் என்றார். கட்டம் போட்ட நோட்டும் கூர்சீவிய பென்சிலுமாக அவள் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு தூரத்தையும் எழுதிக்கொண்டார். டாக்டர் சான்றிதழ் கேட்டால் இரண்டு டாக்டரிடம் வாங்கி வந்தார். அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஈரக்காடு நல்லபடியாக முடிந்தது, காய்ந்த குன்றும் முடிந்தது. பனிக் கணவாயிலிருந்து அவர் திரும்பவில்லை.

திட்டம் இப்படி இருந்தது. பத்தாம் நாள் ஏரி. பதினோராம் நாள் நடுவழியில் கூடாரம். பன்னிரண்டாம் நாள் கணவாயின் அடி. பதிமூன்றாம் நாள் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊர். வழிகாட்டியாகப் போன தம்பியும் வாத்தியாரும் பதினோராம் நாள் முழுவதும் ஏரிக்கரையிலேயே இருந்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் ஒரே நடையாகக் கணவாயின் அடிக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் பனி கொட்டத் தொடங்கியது. மூன்று நாள் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் இறங்க முடியவில்லை. பனியின் இரண்டாம் நாள் வாத்தியாருக்கு மூச்சு அடைத்தது. வழக்கம்போல் பதினோராம் நாளே அடிக்குப் போயிருந்தால், பனி தொடங்கும்போது அவர் அந்தப் பக்கத்து ஊரில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பன்னிரண்டாம் நாள் கணவாயின் அடி என்று காகிதத்தில் இருந்த தேதி பிசகவில்லை. விசாரணை அதிகாரியிடம் தம்பி, "ப்ளான்படிதான் நடந்தோம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வந்தான். அவளும் வாயைத் திறக்கவில்லை. மலைநடைக் கம்பெனி முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை ரிப்போர்ட் வந்துடும். அதுவரைக்கும் கம்முனு இரு. இல்லைன்னா உன் தம்பி லைசென்ஸ் போயிடும்" என்றார். தம்பிக்கு வேறு தொழில் தெரியாது. படிக்கிற பெண்கள் இரண்டு பேர் வீட்டில் இருந்தார்கள். அவன் ஏன் அந்த நாளைத் தூக்கிக் கொடுத்தான் என்று அவள் கேட்கவும் இல்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான், சொல்லிவிட்டால் மூடி மறைக்க முடியாது என்று பயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாத்தியாரின் மகள் படியேறி வந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. வேலைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். மேஜைமேல் அந்தக் கட்டம் போட்ட நோட்டை விரித்து வைத்தாள்.

"இதுக்கு அர்த்தம் என்ன மேடம்? எனக்குப் புரியல."

வாத்தியாரின் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. 'ஏரி முதல் கணவாய் அடி வரை நாலு மணி நேரம். திட்டத்தில் இரண்டு நாள். ஆக, ஒரு நாள் மிச்சம். அந்த அம்மா எனக்கே தெரியாமல் ஒரு நாள் பரிசு கொடுத்திருக்கிறார். ஏரியில் செலவழிக்கலாம்.'

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். பதினாறு வருஷத்தில் ஒருத்தர் கூடக் கண்டுபிடிக்காததை, கணக்கு தெரிந்த மனுஷன் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்திருக்கிறார். உடம்பு பழகுவதற்காக எழுதினேன் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. தம்பியின் பெண்கள் கண்முன் வந்தார்கள். நோட்டில் 'பரிசு' என்ற சொல்லுக்குக் கீழே வாத்தியார் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"பரிசு இல்லம்மா. பனி வந்தா தப்பிக்கிறதுக்கு வச்ச நாள் அது. வெளிய சொன்னா எல்லாரும் செலவு பண்ணிடறாங்கன்னு ஒளிச்சு வச்சேன்."

மகள் அழவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா ஆள் இல்லாத ரோட்டுலயும் சிவப்பு விளக்குக்கு நிப்பார் மேடம். எதுக்குன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா அதைத் தொட்டிருக்கவே மாட்டார்."

நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

அறையைப் பூட்டிவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். தம்பி மொட்டைமாடியில் கூடாரத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். வாத்தியார் மகள் வந்ததையும், நோட்டில் இருந்ததையும், தான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

"உன்னைக் காட்டிக் கொடுத்துட்டேன்டா," என்றாள். "இத்தனை நாளா உனக்காகத்தான் வாயை மூடிட்டு இருந்தேன்."

தம்பி கையில் இருந்த துணியைக் கீழே போட்டான்.

"அப்ப நீ அவர்கிட்ட சொல்லலையா?"

"எதை?"

"மிச்ச நாளை. ஏரிக்குப் போனதும் அவரே வந்து, 'தம்பி, உங்க அக்கா எனக்கு ஒரு நாள் கொடுத்திருக்காங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாருக்கா. நீதான் பிரியப்பட்டு சொல்லிட்டேன்னு நெனச்சேன். நீ சொன்னா வானிலை எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் சொல்லியிருப்பேன்னு விட்டுட்டேன். உன்னை மாட்டிவிட வேண்டாம்னுதான் அந்த ஆபீசர்கிட்ட ஒரு வரியில முடிச்சேன்."

அவள் தண்ணீர்த் தொட்டியின் திட்டில் உட்கார்ந்தாள். நாலு மாதமாக இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்கு வந்த அழுகை வாத்தியாருக்காகவா, தம்பிக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில அந்த ஆபீசுக்குப் போயிடுவோம்," என்றாள். "உள்ளதைச் சொல்லிடுவோம்."

"லைசென்ஸ் போயிடும்."

"போகும்."

அவன் தலையை ஆட்டினான். காயாத துணியை எடுத்து மறுபடி கொடியில் போட்டான். கிளிப்பை மாட்டிவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"ஏரிக்கரையில சிக்னல் நல்லா இருந்துச்சுக்கா," என்றான். "உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்."