ஒரே மரத்தின் இரண்டு துடுப்புகள்

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் மூன்று நாளாகியும் திரும்பவில்லை. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும், ஆடி மாதம். திருவொற்றியூர் குப்பமே அறிந்த செய்திதான். ஆனால் அந்த மூன்று நாள் நான் எப்படி ஜெபித்தேன் என்பது எஸ்தருக்கு மட்டும்தான் தெரியும். அதை இன்று சபைக்கும் சொல்லப்போகிறேன். பேச எனக்கென்ன பயம்? தேரடியில் மீன் விற்கிற வாய் இது.

வெள்ளிக்கிழமை விடியலில் அவரும் அவரோடு துடுப்பு போடுகிற தாவீதும் கட்டுமரத்தில் போனார்கள். கரையிலிருந்து கடலைப் பார்த்துப் பலத்த காற்று பிடித்துக்கொண்டது. மற்ற மரங்களெல்லாம் அடித்துப் பிடித்துத் திரும்பிவிட்டன. இவர்களுடையது வரவில்லை.

மணலில் முழங்கால் போட்டேன். ஜெபத்தில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. என் புருஷனைக் கொண்டுவாரும் ஆண்டவரே என்று அழுதேன். பட்டினி கிடந்தேன். ஞாயிறு மதியத்துக்குள் நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

தாவீதின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மறதியில்லை. அவன் மனைவிதான் எஸ்தர். தேரடியில் கூடை வைக்கிற இடத்துக்காகச் சண்டை போட்டு, இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. சபையிலும் அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. அவள் புருஷனுக்கு அவள் ஜெபித்துக்கொள்ளட்டும் என்றிருந்தேன்.

கரையில் கிடந்த ஒரு கட்டுமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். அதன்மேல் இரண்டு துடுப்புகள் இருந்தன. அப்போதுதான் உறைத்தது. கடல்காரன் பெண்டாட்டி இப்படியா ஜெபிப்பாள்? அவர் வர வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவனும் துடுப்பு போட வேண்டாமா? பாதி மரத்துக்கு ஜெபித்திருக்கிறேன். வெட்கமாகிவிட்டது. தாவீதின் கைக்குப் பலம் கொடும் என்று வாய்விட்டு அழுதேன்.

பின்னால் எஸ்தர் நின்றிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கா, அக்கா, ஜெபம் பண்ணிகினு கீற?" என்றாள். நான் தலையாட்டினேன். "நான் என் ஜெபத்துல உங்க வூட்டுக்காரரை வுட்டுட்டேன்க்கா" என்று பக்கத்தில் முழங்கால் போட்டாள். அவள் என் புருஷனுக்காக, நான் அவள் புருஷனுக்காக. அன்று மாலை வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். பழவேற்காட்டுப் பக்கம் கரையேறி நடந்தே வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரரின் வலது தோள் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழம காலைல தோளு பூட்ச்சி. மத்தியானம் தாவீதும் துடுப்ப வச்சிட்டு படுத்துட்டான். அப்பால அவனா எழுந்து குந்தினான். கரை வர்ற வரைக்கும் கை நிறுத்தல" என்றார்.

நான் கேட்டது என் புருஷனை. கர்த்தர் அவரைக் கொண்டுவந்தது, நான் பெயர் சொல்ல மறுத்தவனின் கையால். அன்றைக்கு அழுத அழுகை ஆனந்தத்தில் அழுதது.

அதற்குப்பிறகு, கூடையைத் தலையில் வைத்துக் குப்பத்தை விட்டு நடக்கும்போதே வீடு வீடாகப் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். எனக்கு ஆகாதவர்கள் பெயர்தான் முதலில் வரும். இந்தக் கரையில் நான் ஜெபிக்காமல் கடலில் இறங்குகிற மரம் ஒன்றுகூட இல்லை. பெருமையாகவே சொல்கிறேன், இது அவர் கொடுத்த பெருமை.

உங்களுக்கும் பேச்சில்லாத ஒருவர் இருப்பார். நாளைக் காலை அந்தப் பெயரிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். உனக்காக யார் ஜெபிக்கிறார்கள் என்று என்னைக் கேட்பீர்கள். இதோ, என் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறாளே எஸ்தர், அவளைக் கேளுங்கள்.