புறாக்களோடு குடி மாறினோம்

வியாசர்பாடியில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டை, ஹவுஸ் ஓனரின் மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று காலி செய்யச் சொன்னார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ரயில்வேயில் வேலை பார்க்கும் மனிதர் அவர். காயப்போட்ட யூனிஃபார்மில் எங்கள் புறா எச்சம் இட்டுவிட்டது என்று வாரத்துக்கு இரண்டு முறை கத்துவாரே தவிர, ஒருநாளும் எங்களை வெளியே போ என்று சொன்னவரில்லை. மகளுக்கு வீடு வேண்டும், அவ்வளவுதான்.

வேறு யாராவது என்றால் ஒரு வாரத்தில் வீடு பார்த்திருப்பார்கள். நாங்கள் இரண்டே பேர். நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். குழந்தை குட்டி இல்லை, குடி கிடையாது, மாதம் பிறந்தால் சம்பளம். இவ்வளவும் கேட்டுவிட்டு ஹவுஸ் ஓனர்கள் மலர்ந்து சிரிப்பார்கள். அதற்கப்புறம்தான் புறா வரும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் வீட்டுக்காரருக்குப் புறாதான் உலகம். ஊர் தாண்டி எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் ஹோமர் ஜாதி. மொட்டை மாடியில் மரக்கூண்டு, தண்ணீர்த் தட்டு, கம்பும் சோளமும் பச்சைப்பயறும் கலந்த டப்பா. வேலை முடிந்து வந்தால் என் முகத்தைப் பார்க்கும் முன் வானத்தைப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் இதற்காக நான் அழுததும் உண்டு. பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, எந்தப் புறா எதனுடைய ஜோடி என்பதுகூட எனக்கு அத்துப்படியாகிவிட்டது.

முதலில் ராயபுரத்தில் ஒரு வீடு பார்த்தோம். "புறா பேச்சையே எடுக்காதீங்க. அட்வான்ஸ் குடுத்துட்டு அப்பால மெதுவா ஏத்திக்கலாம்" என்று புரோக்கர் படிக்கட்டிலேயே எச்சரித்திருந்தார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். ஓனர் பெரியவர் ஒவ்வொரு அறையாகக் காட்டினார். எல்லாம் பிடித்திருந்தது. குளியலறைக் குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று இவர் குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கம்பு கொட்டியது. ஒரு கைப்பிடி இருக்கும். சிமெண்டுத் தரையில் அது சிதறி ஓடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"இன்னாப்பா இது?"

"கம்புங்க."

"கம்பங்கூழு காச்சுவீங்களா? ஒடம்புக்கு ரொம்ப நல்லதாச்சே" என்றார் பெரியவர், மிகுந்த சந்தோஷத்தோடு.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் இவர் முதுகில் கிள்ளினேன். புரோக்கர் இருமினார். இவரோ நிமிர்ந்து, "இல்லீங்க, புறாவுக்கு" என்றார்.

பெரியவருக்கு மூச்சுத் தொந்தரவாம், புறா வாசனையே ஆகாதாம். வாசல்வரை வந்து மரியாதையாகத்தான் வழியனுப்பினார். தெருவுக்கு வந்ததும் புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா மாமு நீ! அவரே பதிலையும் எடுத்துக் குடுக்குறாரு, வாங்கி சொல்றதுக்கு இன்னா?"

"நாளைக்கு மாடி ஏறி வந்தா தெரிஞ்சிடப் போவுது. அப்போ மூஞ்ச எங்க வெச்சிக்கறது?" என்றார் இவர்.

அடுத்தது திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடி. அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்று ஒருவர் வந்தார். நாய் வளர்க்கலாம், பூனை வளர்க்கலாம், மீன் தொட்டி வைக்கலாம். "ஆனா புறாவுக்கு மொட்டை மாடி வேணுமே சார், அது எல்லாருக்கும் பொதுவாச்சே" என்றார். பால்கனியில் வைக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். துணி உலர்த்தும் கொடிக்கே இடம் போதாத பால்கனி அது.

மூன்றாவது வீட்டில் ஓனர் அம்மாள் எடுத்த எடுப்பிலேயே சரி என்றுவிட்டார். காபி வந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "எங்க வூட்டுக்காரருக்கு இழுப்பு. புறா சூப்பு வெச்சுக் குடுன்னு எல்லாரும் சொல்றாங்க. இனிமே அதுக்கு அலைய வேணாம் பாருங்க" என்றார். இவர் காபியை வாயில் வைக்காமலே எழுந்துவிட்டார். நான் அவசரமாக ஒரு வாய் குடித்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

அன்று மாலை இவர் கூண்டின் ஒரு பக்கப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மீஞ்சூரில் இருக்கும் தோஸ்து ஒருவரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்றார். ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வளைந்ததை நேராக்கி, டப்பாவில் போட்டார். இந்தத் தொல்லை விட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட முடியவில்லை. "அந்தப் பலகைய திரும்ப வெச்சி அடிங்க. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது.

வீடு கடைசியில் கிடைத்தது கருவாடு வாங்கப் போன இடத்தில். திருவொற்றியூர் மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் அக்கா. கடலோரக் குப்பத்துக்காரர், வாய் பெரிது, எடை சரியாக இருக்கும்.

"இன்னாமா, மூஞ்சி ஏன் வாடிக் கீது?"

சொன்னேன். நெத்திலியை அள்ளிக்கொண்டிருந்த கை நின்றது.

"புறா மீன் துன்னுமா?"

"தின்னாதுக்கா. தானியம் மட்டும்தான்."

"கருவாடு?"

"மோந்துகூட பாக்காது."

"பூனை வந்தா உன் வூட்டுக்காரர் இன்னா பண்ணுவாரு?"

பூனை என்றால் எங்களுக்கு எமன். ராத்திரியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் இவர் தடியோடு மாடிக்கு ஓடுவார் என்றேன்.

அக்கா நெத்திலியைக் கீழே கொட்டிவிட்டுச் சிரித்தார். அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் கருவாடு காய்கிறதாம். காலையிலிருந்து மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பதால் காவலுக்கு ஆளில்லை. பாதி மீன் பூனைக்கும் காக்காய்க்கும் போகிறது. போன குடித்தனக்காரர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று ஓடிவிட்டார்கள். "எனக்கு உன் புறாவால பேஜாரு இல்ல, உனக்கு என் கருவாட்டால பேஜாரு இல்லன்னா, இன்னிக்கே வந்து வூட்டப் பாரு" என்றார்.

பார்த்தோம். கீழே அக்கா, மேலே எங்களுக்கு இரண்டு அறை, அதற்கும் மேலே கடல் தெரியும் மொட்டை மாடி. ஒரு கோடியில் கூண்டு, மறு கோடியில் கருவாடு, நடுவே வலை கட்டுவது என்று இவரும் அக்காவும் நின்று பேசி முடித்தார்கள். கருவாட்டு வாசனைக்குப் பூனைகள் வருமே என்று இவருக்குத்தான் கொஞ்சம் கவலை. "அதான் நீ கீறியே நைனா" என்றார் அக்கா.

குடி வந்ததும் புறாக்களைச் சில வாரங்கள் கூண்டிலேயே வைத்திருந்தோம். இடம் பழகிவிட்டது என்று நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் திறந்துவிட்டார். கூட்டமாக மேலே ஏறின. கடல் பக்கம் ஒரு வட்டம் அடித்தன. பிறகு ஒரே திசையில் நூல் பிடித்தாற்போல் போயின. "ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடும்" என்றார் இவர். குரலில் தெம்பில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பழைய ஹவுஸ் ஓனர். "இன்னாப்பா, காலி பண்ணிகினு போய்ட்டேன்னு பாத்தா, உன் குடும்பம் மொத்தமும் இங்க வந்து குந்திகினு கீது!"

கூடைகளை எடுத்துக்கொண்டு பைக்கில் வியாசர்பாடிக்கு ஓடினோம். கூண்டு இருந்த இடத்தில் ஒன்றுமில்லாத தரை. அதில் வரிசையாக உட்கார்ந்து, வீட்டை யார் தூக்கிப் போனது என்று கேட்பதுபோல் எங்களைப் பார்த்தன. நிறைமாதமாக இருந்த மகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்திருந்தது. யார் வைத்தது என்று கேட்டோம். "தாகத்துல செத்துப் போச்சுன்னா அதுக்கும் என்னைத்தானே சொல்லுவ!" என்று அதட்டினார் ஓனர்.

பிடித்து வந்து அடைப்பதும், விட்டதும் அவை அங்கே போவதுமாகக் கொஞ்ச காலம் ஓடியது. சில பறவைகள் மெல்ல மனம் மாறின. வயதான ஒரு ஜோடி மட்டும் அசையவே இல்லை. எத்தனையாவது முறையோ கூடையோடு போய் நின்றபோது, "இதுங்கள எத்தினி வாட்டிப்பா தூக்கினு அலையுவ? இங்கயே இருந்துட்டுப் போவட்டும் வுடு" என்றார் ஓனர். மூலையில் பழைய பெட்டி ஒன்றை அவரே சுவரில் அடித்து வைத்திருந்தார். இவர் கம்பு டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். வழியெல்லாம் மூக்கை உறிஞ்சியது பைக்கில் பின்னால் இருந்த எனக்குக் கேட்டது.

நம்பிக்கை எல்லாம் புது வீட்டு மாடியில் பிறந்த குஞ்சுகள் மேல் இருந்தது. வேறு வீட்டைக் கண்ணால் கண்டிராத குஞ்சுகள் அவை. அவற்றை முதல்முறை பறக்கவிட்ட அன்று, அக்கா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். இவருக்குப் பார்க்கத் தைரியமில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "எங்க கீது? சொல்லு, எங்க கீது?" என்று என்னைப் பிடுங்கினார்.

"மேல ஏறுது. கடல் பக்கம் போவுது. எண்ணூர் பொகக்கூண்டு பக்கம் திரும்புது. காணோம்ங்க."

அக்காவும் கருவாட்டை விட்டுவிட்டு நெற்றியில் கை வைத்து அண்ணாந்தார். அவர்தான் முதலில் பார்த்தார். "தோ! தோ வருது பாரு!"

தண்ணீர்த் தொட்டியின் மேல் வந்து இறங்கின. கொஞ்சம் யோசித்தன. பிறகு கூண்டுப் பலகைக்குத் தாவி, ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. இவர் திரும்பி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். அக்கா கை கொட்டிச் சிரித்தார்.

இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். கொடியில் காயும் சேலையில் எச்சம் விழுந்தால் கீழேயிருந்து குரல் வரும்: "ஏம்மா, உன் புறா பண்ணிகீற வேலைய வந்து பாரு!" சாயங்காலங்களில் அவை வீட்டுக்கு மேல் வட்டமடிக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அப்போது அக்கா வாசலில் நின்று அவர்களிடம் சொல்வது மாடிவரை கேட்கும்: "எங்க வூட்டுப் புறாங்க."