சொல்தா தனிஸ்லாஸின் பலகைக் கித்தார்

தனிஸ்லாஸிடம் கித்தார் கற்றுக்கொண்டவர்கள் ஆறு பேர். ஆறு பேரில் ஒருத்தருக்கும் கடைசிவரை வாசிக்க வரவில்லை. அந்த ஆறில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்வதற்கு யாரும் என்னிடம் சண்டைக்கு வர முடியாது.

புதுச்சேரியில் அவரைச் 'சொல்தா' என்றால்தான் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்சனோடு ஊர் திரும்பியவர்கள் எல்லோருக்கும் இங்கே அதுதான் பேர். நேரில் கூப்பிடும்போது 'முசே', அதாவது ஐயா. வாலிபத்தை எல்லாம் சைகோனில் கொட்டிவிட்டு, முழங்கால் வலியும் ஒரு கித்தாருமாக வந்து சேர்ந்தவர். வைத்திக்குப்பம் போகிற வழியில் ஓட்டு வீடு. மனைவி அகஸ்டினா. ஒரே மகன் பிரான்சுவா.

அந்த மகனையும் அவர் சைகோனுக்கே அனுப்பினார். ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலை. ஒரே பிள்ளை, வேண்டாம் என்று அகஸ்டினா தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். "அங்க போனாத்தான் மனுசனாவான்" என்றாராம் இவர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த ஒரு வார்த்தையை என்னால் மன்னிக்க முடிந்ததில்லை. இங்கே இருந்தால் மட்டும் என்ன, குரங்காகவா ஆகியிருப்பான்?

பையன் போனது முப்பத்தொன்றில். மூன்று வருஷத்தில் திரும்பி வருவதாகப் பேச்சு. முதலில் இரண்டொரு கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. இவர் எழுதியதற்குப் பதில் இல்லை. "சோம்பேறிப் பய. நேர்ல வந்து பேசிக்கலாம்னு இருக்கான்" என்பார். அப்போதுதான் ஒருநாள் அகஸ்டினா பேச்சை நிறுத்தினாள். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு இவர் வீடு திரும்பினால், அவள் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். கேட்டதற்குப் பதில் இல்லை. உடம்புக்கு என்ன என்று உலுக்கிக் கேட்டதற்குச் சுவரில் இருந்த மாதா படத்தை நிமிர்ந்து பார்த்தாளாம். இவருக்கு அது போதும். நேர்ச்சை என்று முடிவு கட்டிவிட்டார். மகன் கண்ணெதிரே வந்து நிற்கும்வரை வாய் திறப்பதில்லை என்று வில்லியனூர் மாதாவுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரு முழுக்கப் பெருமையாகச் சொன்னார். தெருவும் நம்பியது. அவள் தண்ணீருக்குப் போனால் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவளிடம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

இது நடந்து சில மாதங்களுக்குள் கித்தார் வகுப்பு தொடங்கியது. பெரிய கப்பல்கள் நம் ஊரில் கரைக்கு வருவதில்லை. தூரத்தில் நிற்கும். ஆட்கள் படகில் இறங்கி, கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்துக்கு வந்து ஏற வேண்டும். மகன் படகில் வரும்போதே காதில் விழுகிற மாதிரி பாலத்தின் மேல் ஒரு கூட்டமே நின்று கித்தார் வாசிக்க வேண்டும் என்பது சொல்தாவின் ஆசை. மெட்டுகூட அவரே கட்டி வைத்திருந்தார். வாசிக்கத்தான் ஆள் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை வெட்டி இல்லாத நடுவயசு ஆண்களாகப் பார்த்துப் பிடித்தார்.

நான் தையல்காரன், பேர் ராஜாங்கம். அவர் கால்சட்டைக்கு அளவெடுக்கப் போய் மாட்டிக்கொண்டேன். என் மனைவி லட்சுமி கேட்டாள், "மிசின் சத்தம் பத்தலையா உனக்கு?" ரொட்டிக் கிடங்கு அமலநாதன் வந்தார். நெருப்பில் வெந்து வெந்து அவர் விரல் நுனியில் உணர்ச்சியே கிடையாது. கம்பியைத் தொட்டிருக்கிறாரா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். கருவடிக்குப்பத்திலிருந்து கிருஷ்ணசாமி வந்தான். மண்வெட்டி பிடித்த விரல், ஒன்றை வைத்தால் இரண்டு கம்பியை மூடும். மற்ற மூவரும் இதே லட்சணம்தான்.

ஆள் ஆறு, கித்தார் ஒன்று. சொல்தா அதற்கு ஒரு வழி செய்திருந்தார். கித்தாரின் கழுத்து நீளத்துக்குப் பலகை அறுத்து, நெடுக ஆறு கோடு, குறுக்கே கட்டம் என்று கறுப்பு மையால் வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருவர் கையில் நிஜக் கித்தார் இருக்கும். மற்றவர்கள் பலகையில் அழுத்த வேண்டும். பலகை பேசாதே, அதனால் எந்தச் சுரத்தில் விரல் இருக்கிறதோ அதன் பேரை வாயால் உரக்கச் சொல்ல வேண்டும். சுரம் என்றால் நம்முடைய சரிகம இல்லை, பிரெஞ்சுக்காரர்களுடையது. தோ, ரே, மி, ஃபா, சொல், லா, சி. மூன்றாவது கம்பியை அழுத்தாமல் சும்மா விட்டுத் தட்டினால் வருவது சொல்.

முதல்நாள் என்னைப் பார்த்து அவர் "சொல்" என்றார்.

"என்னத்த முசே சொல்றது?" என்றேன்.

"சொல்லுப்பா, சொல்."

"அதான் கேக்குறேன், என்னத்த?"

அமலநாதன் பலகையைப் போட்டுவிட்டுச் சிரித்தார். சுரத்துக்கே அதுதான் பேர் என்று சொல்தா விளக்கி முடிப்பதற்குள் அரைமணி போய்விட்டது. கிருஷ்ணசாமி மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "பேர் வெக்கிறவன் வேற பேரா வெக்கமாட்டான்?" என்பான்.

வகுப்பு என்று பேரே தவிர, தெருவில் போகிறவர்களுக்கு ஏதோ பைத்தியக்கார ஆஸ்பத்திரி போலத்தான் இருந்திருக்கும். ஆனால் சொல்தாவுக்குக் கோபம் வந்து பார்த்ததில்லை. ஒவ்வொருவர் விரலையும் எடுத்து, குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி, பலகையில் வைத்துவிடுவார். சைகோன் கப்பல் வருகிறது என்று தெரிந்தால் பாலத்துக்கு ஓடுவார். எங்களையும் வரச் சொல்லுவார், போவோம். படகு படகாக ஆட்கள் இறங்குவார்கள். கடைசிப் படகும் காலியான பிறகு, "தோட்டம் ரொம்ப உள்ள இருக்கு. கப்பலைத் தவற விட்டிருப்பான்" என்று எங்களுக்கு அவர் ஆறுதல் சொல்லுவார். நாங்கள் தலையை ஆட்டுவோம். முப்பத்து நாலு போய், முப்பத்தைந்தும் பாதி ஓடிவிட்டது.

அந்த வருஷம் ஆடி மாதம் ஒரு ஞாயிறு. வரும் வாரம் கப்பல் என்று சேதி. சொல்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் கட்டிய மெட்டு அந்தச் 'சொல்' சுரத்தை மூன்று தடவை தட்டித்தான் தொடங்கும். அங்கேயே கிருஷ்ணசாமி தடுக்கி விழுந்துகொண்டிருந்தான்.

"வாயைத் தெறந்து சொல்லுங்கப்பா. கடல் காத்துல அவன் காதுல விழ வேணாமா?" என்றார்.

கத்தினோம். சொல், சொல், சொல். கிருஷ்ணசாமி தடுக்கினான். மறுபடியும் முதலிலிருந்து. சொல், சொல், சொல். ஆறு தடிப்பயல்கள் அடித்தொண்டையில் கத்துகிறோம். இப்படி எத்தனை தடவை கத்தினோமோ, எனக்குத் தொண்டை கமறிவிட்டது. அடுப்படியில் ஏதோ பாத்திரம் தரையில் உருண்டது. அகஸ்டினா வாசற்படியில் வந்து நின்றாள். மீன் கழுவிய கை, செதில் ஒட்டியபடி.

"சொல்லு சொல்லுன்னு ஏன் உயிரை எடுக்கிறீங்க? சொல்றேன்."

அது சுரத்தின் பேர் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. எங்களைவிட அதிகமாக அதைக் கேட்டவள் அவள். ஆனால் அன்றைக்கு அவள் காதில் அது தமிழாகவே விழுந்துவிட்டது. குரல் கரகரவென்று, யாரோ மூன்றாம் மனுஷி பேசுகிற மாதிரி இருந்தது.

சொல்தா எழுந்தார். அன்றைக்குக் கித்தார் அவர் கையில்தான் இருந்தது, அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. அவள் வாய் திறந்துவிட்டாள். அப்படியென்றால் நேர்ச்சை முடிந்துவிட்டது. அப்படியென்றால்?

"வந்துட்டானா?" என்றார். "எங்கடி? எங்க என் புள்ள?"

முழங்கால் வலி எங்கே போனதோ, தெருக்கதவுக்கு ஓடினார். திறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "கொல்லைப் பக்கமா வந்தானா?" என்று திரும்பி வந்தார். அமலநாதன் சிலுவை போட்டுக்கொண்டு "மாதாவே" என்றார். நானும்தான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டு எழுந்து நின்றேன். மகனைப் பார்க்க வாசலைப் பார்த்தோம் எல்லோரும்.

அகஸ்டினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இப்படி நினைப்பார் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்திருக்க வேண்டும். பாவி, வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் பாதியில் நிறுத்த முடிகிற பேச்சா அது?

"தெருவைப் பாக்காதீங்க," என்றாள். "அவன் வரமாட்டான். பிரான்சுவா செத்துப்போயிட்டான்."

அவளே தொடர்ந்தாள். காரைக்கால்காரர் ஒருத்தர் சைகோனிலிருந்து ஊர் திரும்பும் வழியில் வீட்டைத் தேடி வந்தாராம். சொல்தா அப்போது கோயிலில். தோட்டத்துக் காய்ச்சல், அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாராம்.

"எப்ப?" என்றார் சொல்தா.

"மாதா படத்தைப் பாத்தனே, அன்னிக்கு."

"அன்னிக்கேவா?"

"வாயைத் தெறந்தா இதுதான் வரும். அதான் தெறக்கல. ரெண்டு நாள் போவட்டும், சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களா நேர்ச்சைன்னுட்டீங்க. ஊரும் அதையே சொல்லிச்சு. அப்புறம் இவங்களைக் கூட்டியாந்து பலகையைக் குடுத்து உக்கார வெச்சீங்க. மூஞ்சி அப்படிச் சிரிச்சுது உங்களுக்கு. நான் எந்த வாயால சொல்லுவேன்?"

எனக்கு அவள்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனுஷனைக் கப்பல் கப்பலாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாளே என்று. அந்தக் கோபம் அந்தச் செதில் ஒட்டிய கையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஓடினவருக்கு நம்பிக்கையாவது இருந்தது. இவளுக்கு அழக்கூட வழியில்லை. ஒப்பாரி வைத்தால் நேர்ச்சை கெட்டுவிட்டது என்று ஊர் ஓடிவருமே.

சொல்தா பெஞ்சில் உட்கார்ந்தார். எப்படிச் செத்தான், எத்தனை நாள் காய்ச்சல் என்று எதையும் கேட்கவில்லை. "பூசை?" என்றார். "இத்தனை நாளா என் புள்ளைக்கு ஒரு பூசை இல்லாம ஆக்கிட்டியா?"

இந்துவான எனக்கே அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது. செத்தவனுக்குப் பூசை இல்லையென்றால் அந்த ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"வெச்சேன்," என்றாள். "பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட மட்டும் சொன்னேன். மாசாமாசம் முதல் வெள்ளி காலைப் பூசை அவனுக்குத்தான். பேர் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டேன்."

"ஒரு ஆத்துமத்துக்காகன்னு சொல்லுவாரே, அதா?"

"அதான்."

"அதுக்கெல்லாம் நான் வந்தேனே."

"வந்தீங்க."

அவர் எங்களைப் பார்த்து, "போய்ட்டு வாங்கப்பா," என்றார். பலகைகளைப் பெஞ்சின் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தோம். கிருஷ்ணசாமி தேம்பிக்கொண்டே வந்தான்.

அடுத்த முதல் வெள்ளி, பேர் சொல்லிப் பூசை என்று அமலநாதன் வந்து சொன்னார். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். உள்ளே போகத் தயக்கம், வாசல் பக்கம் ஒரு தூணோரம் நின்றேன். பெண்கள் பக்கத்தில் அகஸ்டினா கறுப்புச் சேலையில் முழங்காலிட்டிருந்தாள். தோள் குலுங்கியது. இப்போது அழ அவளுக்கு உரிமை வந்துவிட்டது. சாமியார் மக்கள் பக்கம் திரும்பி, இந்தப் பூசை மரித்த பிரான்சுவாவின் ஆத்துமத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்றார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து சொல்தா எழுந்தார். கையால் ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு நடந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். மயக்கமோ என்று பயந்து பக்கத்தில் போனேன்.

"உடம்புக்கு என்னா முசே?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு." உள்ளே பாட்டு தொடங்கியது. "ஒரு ஆத்துமம்னு அவர் சொல்லுவாரு, ராஜாங்கம். யாரு பெத்த புள்ளையோ, பேர் சொல்லக்கூட ஆளில்லாத அனாதைன்னு எனக்கு அப்படிப் பாவமா இருக்கும். மாசாமாசம் அந்த அனாதைக்காக முழங்கால் போட்டு, உருகி உருகி வேண்டிக்குவேன். இன்னிக்கு என் புள்ள பேரைச் சொல்றாரு. ஒரு அருள் நிறைஞ்ச மந்திரம்கூட வாயில வரமாட்டேங்குது."