ஏறி வந்த பக்கம்

"…தொழுதவனுக்கு அது சரி, மருமகன். கிடக்கிறவனுக்கு?" என்று கேட்டார் மாமா.

மாமா என்றால் என் மனைவியின் வாப்பா. லுணுகலைக்கு மேலே ஒரு மலையின் உச்சியில், மரம் ஒன்றுகூட இல்லாத புல்வெளியில், நாங்கள் இரண்டு பேரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். என் கால்கள் யாரோ இரவல் தந்தவை போல இருந்தன. திசை தெரியாத இடத்தில் யோசித்து ஒரு பக்கத்தைப் பார்த்துத் தொழுதால், அது பிழையாகப் போனாலும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று பள்ளிவாசல் பயானில் கேட்டதை அவருக்கு ஆறுதலாகச் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவர்கள் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கித்தான் எனக்குப் பேச்சு வந்தது. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன்.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம் அது. மருதமுனையில் எங்கள் தறிக்கொட்டிலைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. மிஞ்சிய சாரன்களைத் தோளில் போட்டுக்கொண்டு மலைநாட்டுப் பட்டினங்களில் நடந்து நடந்து விற்றேன். ஒரு ஊரில் இறங்கினால் அடுத்த ஊருக்கு எத்தனை ஏற்றம் என்றுதான் முதலில் கேட்பேன். மாமாவின் ராத்தாவும், அதாவது அக்காவும், அதே காற்றில் கூரை விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். மருந்து கேட்கமாட்டார், சோறு கேட்கமாட்டார். தம்பியைக் கண்டால் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"வாப்பா கிப்லாவப் பாத்துத்தானே கிடக்கிறாரு?"

கிப்லா என்றால் மக்காவின் திசை, எங்களுக்கு மேற்கு; தொழுகிறவரும் கபுறுக் குழியில் கிடக்கிறவரும் அதைத்தான் பார்த்திருக்கவேண்டும். அவர்களுடைய வாப்பா தவளம் கொண்டு போனவர். தவளம் என்றால் பொதிமாடுகளின் வரிசை. லொறி வராத காலத்தில் எங்கள் கரையிலிருந்து உப்பும் கருவாடும் மாட்டின் முதுகில்தான் மலைக்கு ஏறின. பாக்கும் மிளகும் அதே முதுகில் இறங்கின. முன்மாட்டின் கழுத்தில் மணி கட்டியிருப்பார்களாம். அந்த மணிச் சத்தம் கேட்டால் மலையில் பெண்கள் உப்புச் சட்டியைக் கழுவி வைத்துக்கொண்டு நிற்பார்களாம். அப்படி ஒரு பயணத்தில் காய்ச்சல் கண்டு, லுணுகலைக்கு மேலே ஏற்றம் முடிந்த இடத்தில் அவர் மௌத்தானார். கூடப் போன தம்பி, அதாவது மாமாவின் சாச்சா, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து அங்கேயே அடக்கிவிட்டு வந்தார். அப்போது மாமாவுக்கு நடக்கப் பழகிய வயது. ராத்தாவுக்கு விவரம் தெரிந்த வயது.

சாச்சா வந்து சொன்னதை ராத்தா ஒரு சொல்லும் விடாமல் வைத்திருந்தார். "படுத்த மாடு மாதிரி ஒரு பாறை. அதுக்குக் கீழ ஊத்து. ஊத்துக்கு மேல வாப்பா. தலமாட்டுக்கு உயரக் கல்லு, கால்மாட்டுக்குக் கட்டக் கல்லு. ஒரே மூட்டம், மூணு நாளாச் சூரியனே இல்ல. ஏறி வந்த பக்கத்த முதுகுக்கு வெச்சுக் கிப்லா புடிச்சோம்."

இதில் எங்கள் ஊர்க்காரர் யாரும் பிழை காணமாட்டார்கள். எங்கள் ஊரில் கிப்லாவை யாரும் தேடுவதில்லை. கடல் கிழக்கே கிடக்கிறது. கடலுக்கு முதுகைக் கொடுத்து நின்றால் முகம் தானாகச் சரியான பக்கம் போய்விடும். கண் தெரியாதவர்கூட அலைச் சத்தத்தை முதுகில் வாங்கிக்கொண்டு தக்பீர் கட்டித் தொழுதுவிடுவார். மலைக்குப் போனாலும் அதே கணக்குத்தான். கடல் பக்கமிருந்துதானே ஏறினோம்? ஏறி வந்த பக்கத்தை முதுகுக்கு வைத்தால் போதும்.

ஆனால் ராத்தாவுக்கு 'ஏறி வந்த பக்கம்' என்ற அந்த ஒரு சொல் மட்டும் வயிற்றில் செரிக்காமல் கிடந்தது. "நீ ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நான் கண்ண மூடுறன்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். அந்த வழி பழகியவன் நான்தானே. அதனால் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

மாரி ஓய்ந்ததும் புறப்பட்டோம். பிபிலையில் பஸ் மாறி, லுணுகலையில் ஒரு தெரிந்த கடையின் பின்னறையில் படுத்து, விடிந்ததும் நடந்தோம். மாமாவின் தோளில் ஒரு சீலைப் பை. உள்ளே எங்கள் கடற்கரை மணல். வாப்பாவின் கபுறில் போடவேண்டுமாம். தேயிலைத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் அந்தப் பை என் தோளுக்கு வந்துவிட்டது.

"மாமா, ஆக்கள் மலைக்குச் சீத்தத் துணி கொண்டுபோய் விப்பாங்க. நாம மண்ண விக்கப் போறமா?"

"அலட்டாம நடங்க. உங்கட வாய் ஏறுற வேகத்துல கால் ஏறினா எப்பயோ போய்ச் சேந்திருப்பம்."

தேயிலை முடிந்த இடத்தில் பாதை மலையைச் சுற்றத் தொடங்கியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்று எண்ணுவதற்கு மூச்சு மிஞ்சவில்லை. பிறகு பாதை சட்டென்று முடிந்து புல் தொடங்கியது. பத்தனை என்று அங்கே சொல்கிறார்கள். மழை பெய்கிறது, ஈரம் இருக்கிறது, ஆனாலும் மரம் இல்லை. முழங்காலுக்கு மேலே மானாப்புல், அதற்குள் கறுத்த பாறைகள், பாறைகளுக்கு நடுவே எரிந்த தூர்கள். வருஷா வருஷம் மாட்டுக்குத் தளிர் வேண்டுமென்று நெருப்பு வைப்பார்களாம். வெள்ளைக்காரன் மலை முழுக்கத் தேயிலை போட்டவன், இந்த இடத்துக்கு வந்ததும் கையை விட்டுவிட்டான். மண் அவ்வளவு ஏழை. மணி கட்டிய மாடுகள் போன தடம் மட்டும் புல்லுக்குள் ஒரு பள்ளமாக, தலையில் வகிடு எடுத்ததுபோலத் தெரிந்தது. எத்தனை நூறு வருஷத்துக் குளம்புகளோ.

இதையெல்லாம் கொஞ்ச நேரம்தான் பார்த்தோம். மூட்டம் வந்து எங்களை மூடிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. லுஹருக்கு, நண்பகல் தொழுகைக்கு, நேரமாகியிருந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தடவித் தடவிப் போய் அந்த ஊற்றில் கை கால் முகம் கழுவி வுழூ எடுத்தோம். தண்ணீர் பல்லைக் கழற்றியது.

"கிப்லா?" என்று கேட்டேன்.

"ஏறி வந்த பக்கம் அதுதானே?" என்று பாதை முடிந்த இடத்தைக் கைகாட்டினார் மாமா. "அதுக்கு முதுகக் குடுங்க." தோளில் கிடந்த சால்வையை விரித்து அவரே முன்னால் நின்றார். தொழுதோம்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"யாரு அங்க? சத்தங் குடுங்க, இல்லாட்டி மாடுன்னு நெனச்சிக் கல்ல விட்டுருவேன்!"

மூட்டத்துக்குள்ளிருந்து தலையில் புல்லுக்கட்டோடு ஒரு தோட்டத்து அம்மா வந்தாள். கையில் அரிவாள். மாட்டுக்குப் புல் அறுக்க வந்தவள். எங்கள் தொப்பிகளைப் பார்த்ததும் கட்டை இறக்கி வைத்தாள். மலையில் முஸ்லிம் ஆட்களை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நானா கல்லுக்கா வந்தீங்க?"

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கல்லு?"

"ரெண்டு கல்லு நிக்குமே. நாங்க அத நானா கல்லுன்னு சொல்லுவோம். எங்க ஆயா காலத்திலேருந்து அந்த எடத்துல புல்லு அறுக்கமாட்டோம். நெருப்பு வைக்கிறப்ப சுத்திவரச் செதுக்கிட்டுத்தான் வைப்பாங்க. உப்புக் கொண்டாந்த மனுசன்னு சொல்லுவாங்க. வாங்க, நீங்க நிக்கிற எடத்துக்குப் பின்னாலதான்."

இருபது எட்டுக்கூட இல்லை. படுத்த மாடு போல ஒரு பாறை. ஊற்றுக்கு மேலே, ஆள் நீளத்துக்கு அறுக்காத புல். ஒரு முனையில் உயரக் கல், மறுமுனையில் கட்டைக் கல். சாச்சா சொன்னதில் ஒரு சொல்லும் பிசகவில்லை. மாமா குந்தியிருந்து ஓதினார். நானும் கையேந்தினேன். அறுபது வயது மனிதர், கல்லில் ஒரு கையை வைத்தபடியே ஓதினார். அந்தப் பெண் அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

ஓதி முடிந்த கையோடு அவர் எழும்பி, கற்களையும் பாதை முடிந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"சரியாத்தான் கிடக்கிறாரு மருமகன்! நாம தொழுத பக்கம்தான் முகம். ராத்தாட்டப் போய்ச் சொல்லலாம்."

அந்த நேரம் பார்த்து மூட்டம் விலகியது. யாரோ பாயைச் சுருட்டியதுபோலப் போய்விட்டது. என் முதுகில் வெயில் சுட்டது. லுஹர் நேரம் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். சூரியன் சரியத் தொடங்கியிருந்தது. அது நாங்கள் ஏறி வந்த பக்கத்தில் நின்றது.

நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். அந்தப் பெண்தான் தனக்குத் தெரிந்த ஒரு நல்ல செய்தியைச் சொன்னாள்.

"காலையில வந்திருந்தீங்கன்னா ஒங்க கடலே தெரிஞ்சிருக்கும் நானா. இந்தா, இந்தப் பக்கம்." கட்டைக் கல்லுக்கு வலது பக்கமாக, நாங்கள் முகம் வைத்துத் தொழுத திசையில், மலை விளிம்புக்கு அப்பால் கை நீட்டினாள். "வெள்ளக் கோடு போட்டமாதிரி இருக்கும்."

"அப்ப ஏறி வந்த பாதை?" என்றார் மாமா.

"அது மலையச் சுத்திக்கிட்டுப் பின்பக்கமால்ல ஏறுது. புதுசா வர்றவங்க எல்லாருக்கும் தலை சுத்தும்."

வலப்பக்கம் சரித்து மேற்கே பார்க்க அடக்குவதானால் தலைமாட்டுக் கல் வடக்கே நின்றிருக்கவேண்டும். தெற்கே நின்றது. மூன்று பேர், மூன்று நாள் மூட்டத்தில், எங்கள் ஊர்ப் பழக்கத்தை நம்பி, அவரைக் கடலைப் பார்க்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் நாங்களும் அதே இடத்தில் அதையேதான் செய்தோம்.

எங்கள் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு ஏதோ பிசகு என்று விளங்கிவிட்டது. நான் மெல்லச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இவ்வளவுதானே? கல்ல மாத்தி நட்டுட்டாப் போச்சு. பெரிசு அங்கிட்டு, சின்னது இங்கிட்டு. நானும் ஒரு கை புடிக்கிறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"கல்லத் திருப்பினா ஆள் திரும்புவாராம்மா?" என்றார் மாமா. கோபமில்லை. அவ்வளவு நடந்து வந்த அலுப்புத்தான் குரலில் இருந்தது.

அவள் புல்லுக்கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள், தூக்கிவிட்டேன், போய்விட்டாள். மாமா புல்லில் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. ராத்தாவிடம் போய் என்ன சொல்வது என்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தோம் என்றுதான் நினைக்கிறேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரும், அவருக்கு வராது. அப்போதுதான் அந்தப் பயான் கதையை எடுத்து விட்டேன். தெரியாமல் திரும்பித் தொழுதாலும் தொழுகை கூடும், நம்முடைய லுஹர்கூட அப்படித்தானே கூடியிருக்கும் என்றேன். தொழுதவனுக்கு அது சரி, கிடக்கிறவனுக்கு என்று அவர் கேட்டார்.

நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மாமா கையை நீட்டினார். என்ன வேண்டும் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மணல் பையைக் கொடுத்தேன். அவிழ்த்து ஒரு பிடி அள்ளிக் கபுறின் மேல் தூவினார். மிச்சத்தை அவிழ்த்தபடியே வைத்திருக்கவில்லை. பையின் வாயைத் திரும்ப இறுக்கிக் கட்டினார். முழங்காலில் கையூன்றி எழும்பி, உயரக் கல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பையைத் தலையணையாக வைத்தார். மையித்தைக் கபுறுக்குள் வைக்கும்போது கன்னத்துக்குக் கீழே மண்ணுருண்டை வைப்போமே, அதுபோல. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாப்பாவுக்குப் பக்கத்தில், அவர் கிடந்த மாதிரியே, வலது கன்னத்தை மணல் பையில் வைத்துச் சரிந்து படுத்து, கண்ணைத் திறந்து கடல் பக்கம் பார்த்தார்.