கண்மாய் வற்றுவதற்குள்

கோவில்பட்டியில் இருந்துகொண்டு கயாக் ஓட்டுகிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, தண்ணீர் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இங்கே குடிக்கிற தண்ணீருக்கே குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றாமல் பெய்தால், ஊருக்கு வெளியே கரிசல் காட்டு நடுவில் ஒரு கண்மாய் நிறையும். நான்கு மாதம் நிற்கும். அந்த நான்கு மாதத்துக்காகத்தான் தூத்துக்குடியில் படகு வாடகைக்கு விடுகிற ஒருவரிடமிருந்து பழைய கயாக் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தேன். ஓராள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் துடுப்பு போடுகிற மஞ்சள் பிளாஸ்டிக் படகு. கண்மாய்க்கரை ஊர்க்காரர்கள் அதைத் தொட்டி என்றார்கள். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் பிரிவில் வேலை பார்க்கிற நாற்பது வயதுப் பொம்பளை, ஞாயிற்றுக்கிழமையானால் தொட்டியில் உட்கார்ந்து போகிறாள் என்று கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் அலுத்துவிட்டது.

மூன்று வருஷம் காய்ந்து கிடந்த கண்மாய் அந்த வருஷம் கரை தொட நிறைந்தது. கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிறு, சுற்றிவிட்டுக் கரையில் இறங்கும்போது வலது கால் முழங்கால் வரை சேற்றில் போய்விட்டது. கரிசல் சேறு பிடித்தால் லேசில் விடாது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஓடி வந்தார். அவருடைய ஆட்டுக்கொட்டகையில்தான் என் படகைப் போட்டு வைத்திருந்தேன். சேற்றில் மாட்டிய ஆட்டை அவர் எடுப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். முன்னங்காலைப் பிடித்து, மேலே தூக்கி, பின்பக்கமாக ஒரு திருகு, ஒரே இழுப்பு. ஆடு வெளியே வந்து உடம்பை உதறிவிட்டு மேயப் போய்விடும். என் வலது கையைப் பிடித்து அவர் அதையேதான் செய்தார். கால் வெளியே வந்தது. கூடவே தோள்மூட்டும் கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து மூட்டை உள்ளே தள்ளினார்கள். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். படகிலிருந்து இறங்கும்போது என்று சொன்னேன். பொய் இல்லை. மூன்று வாரம் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட வேண்டும், பிறகு உடற்பயிற்சி, துடுப்பைத் தொட நான்கு மாதம் ஆகும் என்றார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பங்குனிக் கடைசி. கண்மாய் பங்குனி பாதி தாண்டி நின்றதாக ஞாபகமே இல்லை. அதைச் சொன்னதும், அதற்கென்ன, அடுத்த வருஷம் ஓட்டுங்கள் என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த வருஷம் மழை பெய்யும் என்று இவர் எழுதிக் கொடுப்பாரா?

ஆடு தூக்கின கதையை யாரிடமும் சொல்லவில்லை. பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. அக்காவுக்குத் தெரிந்தால் நேரே அந்த ஊருக்குப் போய்ச் சண்டை போடுவாள். அதற்கப்புறம் படகைப் போட எனக்கு இடம் இருக்காது. அவளுக்கோ எல்லாப் பழியும் தொட்டி மேல்தான். தினமும் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, இந்தச் சனியனை எடைக்குப் போடு என்பாள். ஒற்றைக் கையால் தலை பின்ன முடியாதவள் என்ன பதில் பேசுவது?

கட்டு அவிழ்த்த பிறகு சுவரில் விரலால் ஏறச் சொன்னார்கள். நின்ற இடத்திலிருந்து விரல்களை மேலே மேலே நகர்த்த வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் எட்டின உயரத்தில் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த ஒரு தீப்பெட்டி லேபிளை ஒட்டினேன். கிளிப் படம் போட்ட லேபிள். கிளிகள் மெதுவாக ஏறின. அதே ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சி போன் செய்வார். கண்மாய் மடைக்கல்லில் தண்ணீர் அளவு பார்க்க வெட்டி வைத்த கோடுகள் உண்டு. "ஆறாவது கோடு, தாயி" என்பார். உடனே வைத்துவிடுவார். அடுத்த வாரம் ஐந்தாவது கோடு.

தை மாதம் ஒரு தடவை மட்டும் போனை வைக்காமல் நின்றார்.

"நான் ஆட்டத் தூக்குத மாதிரில்லா தூக்கிட்டேன். மனுசக் கைன்னு நெனப்பே வரல."

"சரி விடுங்க அண்ணாச்சி. எத்தனையாவது கோடு?"

மூன்று என்று சொல்லிவிட்டு வைத்தார். இன்னும் நல்லபடியாகப் பேசியிருக்கலாம். ஆனால் எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, அதை இல்லையென்று சொல்லி என்ன ஆகப்போகிறது.

வலி குறைந்தது, பயம்தான் குறையவில்லை. பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம் கிடைத்தால்தான் உட்காருவேன், கையை யாரும் இடிக்கக் கூடாது. பயிற்சி தருகிற பெண் அந்தக் கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பின்னால் கொண்டுபோகும்போது, ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் உடம்பு மொத்தமும் இறுகிவிடும். மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, நீங்கள்தான் விட மாட்டேன் என்கிறீர்கள் என்றாள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பங்குனி இரண்டாவது ஞாயிறு கண்மாயை அழிப்பதென்று ஊரில் முடிவாயிற்று. தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்கியதும் நாள் குறித்து, ஊரே வலையும் கூடையுமாக இறங்கி மீன் பிடிப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அன்று சாயங்காலம் வெறும் சேறுதான் மிஞ்சும். பயிற்சிப் பெண்ணிடம் கேட்டேன். இன்னும் மூன்று வாரம் பொறுங்கள் என்றாள். பொதுவாக நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவள். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

படகை அண்ணாச்சி கழுவிக் கரையில் கொண்டுவந்து வைத்திருந்தார். உட்கார்ந்து துடுப்பைத் தாழ்த்திப் பிடித்து மெதுவாகப் போட்டேன். இடது, வலது, இடது, வலது. தோள் ஒரு தடவை விண்ணென்றது, பிறகு சும்மா இருந்தது. தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடந்தது, துடுப்பு அங்கங்கே தரை தட்டியது. நடுக்கண்மாய் வரை போய்த் திரும்பினேன், அவ்வளவுதான். அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

கரைக்குப் பத்தடி முன்னாலேயே படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கினேன். அதே வலது கால், அதே முழங்கால் வரை. அண்ணாச்சி அதற்குள் கிட்டத்தில் வந்திருந்தார். ஆனால் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கையைக் குடுங்க அண்ணாச்சி."

அவர் நகரவில்லை. "எந்தக் கை?" என்று கேட்டார்.

இடது கையில் துடுப்பு இருந்தது. அதைக் கரைக்கு வீசிவிட்டு இடது கையைக் கொடுத்திருக்கலாம். வலது கையை நீட்டினேன்.

"நான் இழுக்க மாட்டேன் தாயி. சும்மா புடிச்சிக்கிடுதேன். நீயா ஏறு."

பிடித்துக்கொண்டார். நான் குதிகாலைச் சேற்றுக்குள் இப்படியும் அப்படியும் அசைத்து, காற்று உள்ளே போக வழி பண்ணி, காலை மெல்ல மெல்ல மேலே எடுத்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் இழுக்கவே இல்லை. நான் கையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை.