ஆணியில் தொங்கிய படகு

போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. தொழில்நுட்ப மாநாடுகளில் பேசுகிறவர்களின் உரைகளை இணையத்தில் பார்ப்பதென்றால் எனக்குப் பைத்தியம். மெட்ரோவில் பார்ப்பேன், துணி மடிக்கும்போது பார்ப்பேன். சீரியல் பார்ப்பவர்களாவது அழுதுவிட்டு எழுந்து போய்விடுவார்கள், நீ அதுகூட இல்லை என்று அண்ணி கிண்டல் செய்வாள். அண்ணன் ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவன். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

அன்று ஏதோ ஒரு பெரிய ஊரில் நடந்த மாநாடு நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் மேடைக்கு வந்து மீனவர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நம் ஆட்களைப் பற்றிப் பேசுகிறாரே என்று ஆசையாக ஒலியைக் கூட்டினேன். அடுத்த நிமிடம் திரையில் என் அண்ணன். கையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெட்டி எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருடம் ஒரு கம்பெனியின் ஆட்கள் எங்கள் குப்பத்துக்கு வந்து படகுக்கு ஒன்று கொடுத்தார்கள். படகு கடலில் எங்கே இருக்கிறதென்று கரையில் இருக்கிற யார் போனிலும் காட்டும். காற்று வருமென்றால் கத்தும். பெட்டி வாங்கியவர்களுக்கு ஒரு ஐஸ் பெட்டி இலவசம். எல்லோரும் வாங்கினார்கள், போட்டோவுக்கும் நின்றார்கள்.

பேச்சாளர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். பலத்த காற்று அடித்த ஒரு நாளின் படம். தேதியைப் பார்த்தேன். அன்றுதான் என் அண்ணனின் படகு கவிழ்ந்தது. காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு அலையில் கிடந்தான். அண்ணி கரையில் அழுதுகொண்டே ஓட, அதற்குள் திரும்பியிருந்தவர்கள் மறுபடி படகைத் தள்ளிக்கொண்டு போய்த் தேடி, பொழுது சாயும் நேரத்தில் அவனைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அவனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சட்டையை அண்ணிதான் மாட்டிவிடுகிறாள்.

மேடையில் இருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? தங்கள் கருவி முன்கூட்டியே எச்சரித்ததால் இந்தக் குப்பத்தின் எல்லாப் படகுகளும் காற்றுக்கு முன்பே கரை சேர்ந்துவிட்டனவாம். யாருக்கும் ஒரு சின்னக் கீறல்கூட இல்லையாம். ஒரு நிமிடம்கூட சிக்னல் அறுபடவில்லையாம். வரைபடத்தில் படகுகள் நீலப் புள்ளிகளாக, பக்கத்தில் படகு எண்ணோடு தெரிந்தன. அண்ணனின் எண்ணும் இருந்தது. எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது எங்கள் ஆட்கள் உட்கார்ந்து வலை பழுது பார்க்கிற கூடம்.

அரங்கமே கைதட்டியது. அவர் அடுத்த திட்டத்தை அறிவித்தார். இனிமேல் ஒரு படகைக் காணவில்லை என்று தகவல் வந்தால், முதலில் இந்த வரைபடத்தைப் பார்ப்பார்களாம். புள்ளி கரையில் இருந்தால் மீட்புப் படகு கிளம்பாது, வீண் அலைச்சல் மிச்சம். உள்ளூர் மீனவர் சங்கமும் சம்மதித்துவிட்டதாம். அதற்கும் கைதட்டல்.

இந்த எண்ணுள்ள படகு நீங்கள் படத்தில் காட்டிய என் அண்ணனுடையது, அன்று கடலில் கவிழ்ந்ததே, உங்கள் படத்தில் எப்படிக் கரையில் நிற்கிறது என்று கேள்விப் பெட்டியில் எழுதினேன். தொகுப்பாளர் பேட்டரி எத்தனை நாள் வரும் என்ற கேள்வியைப் படித்துவிட்டு, நேரமில்லை, மற்றவர்களுக்கு மின்னஞ்சலில் பதில் வரும் என்று முடித்துவிட்டார்.

நேரே அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "எங்க மீன் கெடைக்குதுன்னு ஊருக்கே வெளிச்சம் போட்டுக் காட்டச் சொல்றியா?" என்றான். அவன் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் நல்ல மீன் பட்ட இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டார்கள். தெற்கே போக வேண்டியவன், பின்னால் வருகிறவனை ஏமாற்ற வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்புவான். அப்படிப்பட்டவர்கள் கையில் இடம் காட்டுகிற பெட்டியைக் கொடுத்தால்? எல்லோருமாகப் பேசிவைத்து, அதையெல்லாம் பைகளில் போட்டு வலைக்கூடத்து ஆணிகளில் மாட்டிவிட்டார்கள். அங்கே பிளக் பாயிண்ட் இருப்பதால் சார்ஜும் இறங்குவதில்லை. பிறகு சிக்னல் எங்கே அறுபடும்?

அண்ணனை அன்று நான் திட்டிய திட்டு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். கம்பெனிக்காரன் பொய் சொல்கிறான் என்று நான் கத்தக்கூட முடியாதபடி செய்துவிட்டானே.

இரண்டொரு நாளில் பதில் வந்தது. பணிவென்றால் அப்படி ஒரு பணிவு. எங்கள் தரவு சரியாகவே உள்ளது, கருவியை உடன் எடுத்துச் செல்லாதது பயனாளரின் தவறு, தொழில்நுட்பக் குறை அல்ல என்று எழுதியிருந்தார்கள். புகைப்படத்துக்கு அனுமதி தந்த அண்ணனுக்கு நன்றி வேறு. உரையைத் திருத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலமே போனை எடுத்துக்கொண்டு வலைக்கூடத்துக்குப் போனேன். அண்ணியும் கூட வந்தாள். எல்லோரையும் உட்காரவைத்து அந்த உரையைப் போட்டுக் காட்டினேன். அதில் வந்த போட்டோக்களில் தங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்துக் கும்மாளம் போட்டார்கள். வரைபடம் வந்ததும் நிறுத்தி, புது ஏற்பாட்டைத் தமிழில் விளக்கினேன். சங்கத்தில் தங்களிடம் யாருமே இதைக் கேட்கவில்லை என்றார்கள். அண்ணனின் கூட்டாளி ஒருவர், "அவனுங்க சொன்னா நாங்க தேடாம வுட்டுடுவமா?" என்றார். நீங்கள் எல்லோருமே ஒரே காற்றில் மாட்டிக்கொண்டால் யார் வந்து தேடுவார்கள் என்று கேட்டேன்.

அண்ணி என் கையிலிருந்து போனை வாங்கி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் புள்ளி எது என்று கேட்டாள், காட்டினேன். பிறகு அண்ணனைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னாள்.

"நான் கரையில வாயிலயும் வயித்துலயும் அட்ச்சிக்கினு நின்னப்போ, நீ இங்க ஆணியில பத்திரமா தொங்கினு இருந்தியாய்யா?"

எழுந்து போய் அவன் பையை ஆணியிலிருந்து எடுத்து அவன் மடியில் போட்டாள். "நீ கடலுக்குப் போனா இதுவும் போவும். இது இங்க கீதுன்னா நீயும் இங்கதான்."

அண்ணன் இப்போது பெட்டியோடுதான் போகிறான், முணுமுணுத்துக்கொண்டே. அவன் இடத்தைப் போனில் பார்த்து வேறு படகுகள் வந்து வலை விட்டபோது, அந்த ஆத்திரத்தையெல்லாம் என்மேல்தான் கொட்டினான். மற்றவர்கள் அவனுக்கு நேர்ந்ததைப் பார்த்துத் தங்கள் பெட்டிகளை ஆணியிலேயே விட்டுவிட்டார்கள். வரைபடத்தை நம்பி மீட்புப் படகை நிறுத்த வேண்டாமென்று சங்கத்தில் எழுதிக் கொடுத்தேன், பார்க்கலாம் என்றார்கள். அந்த உரை இணையத்தில் அப்படியே இருக்கிறது. கீழே நான் எழுதிய கருத்தை எடுத்துவிட்டார்கள்.

காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அலுவலகத்திலிருந்தே போனில் அந்த வரைபடத்தைத் திறக்கிறேன். கடலில் ஒரே ஒரு புள்ளி, என் அண்ணன். மற்றவர்கள் எல்லோரும் கரையில் குவியலாக, பத்திரமாக இருக்கிறார்கள். அவர்களில் யார் யார் அந்த நேரம் அலையில் இருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. கைதட்டு வாங்கியவர்மேல் வரும் அதே கோபம் எங்கள் ஆட்கள்மேலும் வருகிறது. அது ஆறிப்போனால் ஒருநாள் யாரையாவது பறிகொடுத்துவிட்டுத்தான் மறுபடி கோபப்படுவோம் என்ற பயத்தில், அதை நான் ஆறவிடுவதே இல்லை.