ஆமை மயங்கி விழுந்த கதை

என் சின்னத் தங்கை கெங்கம்மாளின் இரண்டாவது மகன் ஜெயவேல் ஆரணியில் பட்டு நெய்கிறவன். அவனுடைய எட்டு வயது மகள் மகிழினி டெங்குக் காய்ச்சலில் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்று நாளாகக் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. இன்றைக்காவது இரண்டு வாய் உள்ளே போகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விசித்திர ஜந்துக்களைப் பழக்கிச் சண்டைக்கு விடுகிற ஜப்பான் கார்ட்டூன் என்றால் அவளுக்கு உயிர். தறியில் உட்கார்ந்தபடி அதன் சத்தத்தை மட்டும் கேட்டிருந்த ஜெயவேல், அந்தச் சண்டையைச் சொல்லி ஊட்டப் பார்த்தான். பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் அல்லவா? நெருப்புக் கீரி பாய்ந்தது, கல் ஆமை விழுந்தது என்று கையை வீசிச் சொல்லி, “செத்துச்சு!” என்று முடித்தான்.

மகிழினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பொய்யி. அதுங்க சாவாதுப்பா, மயங்கிதான் விழும். உனக்குக் கதையே சொல்லத் தெரியல.”

“அப்புறம் யாரும்மா எழுப்புவாங்க?”

“வளத்தவங்க தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. எழுந்துக்கும்.”

ஜெயவேல் கரண்டியில் கஞ்சியை அள்ளினான்.

“நானும் தூக்கினுதானே ஓடியாந்தேன்? எழுந்துக்கோ கண்ணு.”

ஒரு கரண்டி வாங்கிக்கொண்டாள். அடுத்ததை நீட்டுவதற்குள் கண்ணை மூடிவிட்டாள். கரண்டியைக் கீழே வைக்காமல், ஆமை எழுந்து நின்றதை அவன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.